முன் சீட்டில் மட்டும் குளிர்

என் அக்கா புருஷனுக்குக் காது மந்தம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். நாலு வீடு தள்ளிப் போகிற வண்டியில் பெல்ட் லேசாகக் கிறீச்சிட்டால்கூடச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிவிடுவார். "இவன் இன்னும் கொஞ்ச நாள்ல நடுரோட்டுல நிப்பான்" என்பார். அதற்குள் எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டு முடித்திருப்பாள். அது மட்டும் விழாது. வண்டிக்குத் திறந்து மனிதர்களுக்கு மூடிக்கொள்கிற காது. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "உங்க அக்காவுக்கும் ஒரு பெல்ட் மாட்டி விட்டா சரியாப் போயிடும்" என்பார். கோபமே வராத மனுஷன். அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

அத்தான் கார் மெக்கானிக். டயர்க் கடைக்கும் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய பட்டறை. இரண்டு வண்டி நிறுத்தலாம். மூன்றாவது வந்தால் அதன் பின்பாதி தெருவில் நிற்கும். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஸ்பேனர் என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்பேனர் இருக்கும். ஒரு தடவை வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பழக்க தோஷத்தில் அதை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்ததாக அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நடந்ததா, அவளாக இட்டுக்கட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு சமயத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்வார். ஒன்றை மாற்றுவார், வண்டியைக் கொடுத்துவிடுவார், "ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பார். சந்தேகப்பட்ட நாலு சாமானையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் எது கெட்டுப்போயிருந்தது என்று தெரியாமலே போய்விடும், வண்டிக்காரர் நல்ல சாமானுக்கும் சேர்த்துத் தண்டம் அழுவார் என்பது அவருடைய நியாயம். நேர்மையான ஆள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியது இதனால்தான். இந்த நேர்மைதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே தொல்லை, காரில் போகும்போது அக்காவுக்குக் குளிர்ந்ததுதான். அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அத்தான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். அக்கா இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கடைசிவரைக்கும் மறைத்து வைத்திருந்து உங்களை அழ வைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவளும் சிரிக்கிறவள்தான்.

நானும் அக்காவும் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஓட்டல் படுக்கை விரிப்புகளும் மருத்துவமனைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அக்கா நீராவி இஸ்திரி இயந்திரத்தில் நிற்பாள். நான் பக்கத்து மேஜையில் மடித்து அடுக்குவேன். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே எல்லோருக்கும் வேர்த்து வழியும், கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொள்வோம். வீட்டில் கீழ்த்தளத்தில் அக்காவும் அத்தானும், மாடி அறையில் நான். வீட்டுக்கு வந்துவிட்டால் அக்கா அடுப்பங்கரையை விட்டு நகர மாட்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு, அவளுக்கு அந்த அடுப்பும் நாங்கள் இரண்டு பேரும்தான். ஆக, ஒரு நாளில் அவள் குளிரை நேருக்கு நேர் சந்திக்கிற இடம் அந்தக் கார் ஒன்றுதான். காலையில் அத்தான் எங்களைச் சலவை நிலையத்தில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போவார், மாலையில் வந்து ஏற்றிக்கொள்வார். அக்கா முன் சீட்டு, நான் பின் சீட்டு.

"என்னங்க, இந்த ஹீட்டர்ல வெறும் காத்துதான் வருது. சூடு வரலையே" என்று குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் அக்கா சொன்னாள்.

உண்மையும் அதுதான். நானும் பின்னால் பல்லைக் கிட்டித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்காகக் கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த வண்டிக்குக் கோளாறு இருந்தது. வண்டி என்றால் பெரிய வண்டி இல்லை. யாரோ மோதி நொறுக்கிக் கழித்துப்போட்டதை அத்தான் இழுத்து வந்து உயிர் கொடுத்திருந்தார். ஒரு கதவு மட்டும் வேறு நிறம்.

அவர் அன்று வண்டியை ஓட்டிக்கொண்டே எனக்கு ஒரு பாடம் எடுத்தார். கார் ஹீட்டர் தானாக எதையும் சூடாக்குவதில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடாகிற தண்ணீரில் கொஞ்சம் இரண்டு ரப்பர்க் குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன் மேல் காற்றை ஊதினால் நமக்குச் சூடு. தண்ணீர் குறைந்தாலோ, காற்று புகுந்தாலோ, தண்ணீர் சூடேறாமல் போனாலோ, வழி அடைத்தாலோ சூடு வராது. "நாலே நாலு காரணம். ஒண்ணொண்ணாப் பாத்துடலாம்" என்றார்.

ஒண்ணொண்ணாக. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

சொந்த வண்டியை வேலை நாளில் பட்டறைக்குள் ஏற்றுவது அவர் வழக்கம் இல்லை. மற்றவர் வண்டி காத்துக் கிடக்கும்போது தன் வண்டியைப் பார்ப்பது அவருக்குக் கூச்சம். அதனால் ஞாயிற்றுக்கிழமைதான். முதல் ஞாயிறு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார், தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பினார். திங்கட்கிழமை காலை கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "எப்படிம்மா இருக்கு?"

"கொஞ்சம் பரவாயில்லைங்க" என்றாள் அக்கா.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். டேஷ்போர்டுக்குள் ஓடை ஓடுவதுபோலச் சலசலவென்று சத்தம் கேட்டது. அவருடைய காதுக்குக் கேட்காமல் இருக்குமா? உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்றார். அடுத்த ஞாயிறு காற்றை எடுத்தார். சத்தம் நின்றது. "இப்ப எப்படி?" "பரவாயில்லைங்க, நல்லாவே வித்தியாசம் தெரியுது."

அதற்கடுத்து தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற சின்ன மூடி அது. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்ததால் சூட்டு முள் பாதிவரைகூட ஏறவே இல்லை. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். முள் நடுவில் வந்து நின்றது. எனக்கே பின்னால் சூடு தெரிந்தது. அக்கா மட்டும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "முன்னைக்கு இப்ப எவ்வளவோ மேல்" என்றாள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். "ஏன் அத்தான், எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணித் தொலைச்சா என்ன?"

"பண்ணலாம். அப்புறம் எதனால சரியாச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரியாச்சுல்ல. அது போதாதா?"

"உனக்குப் போதும். எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பி, "விடுடி, அவர் வண்டியைக் காதலிச்சுக் கட்டினவரு. நான் சும்மா பெத்தவங்க பாத்து வச்சது" என்றாள். அதற்கு அவரும் சிரித்தார்.

இதற்கிடையில் அக்கா சலவை நிலையத்துப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். முட்டி வலி என்றாள். முகம் வெளுத்திருந்தது, மேற்பார்வையாளர் அம்மா, "என்ன கிரீம் போடுறே, எனக்கும் சொல்லேன்" என்று கேலி செய்தாள். சாப்பாடு பாதியாகக் குறைந்தது, வயசாகிறதில்லையா என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. குளிருக்கு மட்டும் அவள் பதில் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அதற்குத்தான் கார் இருந்ததே.

கடைசியாக அந்த ஞாயிறு வந்தது. நாலாவது காரணம், அடைப்பு. அத்தான் வண்டியை ஓடவிட்டு, ஹீட்டருக்குப் போகிற இரண்டு குழாய்களையும் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்று சுட்டது, ஒன்று வெதுவெதுப்பாக இருந்தது. "போற தண்ணி சுடுது, வர்ற தண்ணி ஆறிக் கிடக்குது. உள்ள எங்கயோ சிக்குது" என்றார். சிக்கியது என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. குளிர்காலத்துக்கு முன்னால் ரேடியேட்டரில் ஒரு பொட்டுக் கசிவு. அதைக் கழற்றிப் பற்றவைக்க நேரம் இல்லாமல், கசிவை அடைக்கிற மருந்து ஒன்றை ஊற்றியிருந்தார். வாடிக்கையாளர் வண்டிக்கு ஒருநாளும் அதை ஊற்ற மாட்டார். சொந்த வண்டிதானே என்று ஊற்றியிருந்தார். அது கசிவை அடைத்த கையோடு ஹீட்டரையும் அடைத்துவிட்டது.

அன்றைக்கு நல்ல வெயில். பட்டறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு அக்காவை வெயிலில் உட்கார வைத்தோம். போர்வையோடு உட்கார்ந்து அவள் எங்களை வேலை ஏவிக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு அத்தான் அடியில் படுத்து வடிகால் திருகைத் திறந்தார். துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் இறங்கியது. பச்சையாக இருக்க வேண்டியது அது, உறையாமல் இருக்கக் கூலண்ட் கலந்த தண்ணீர். ஒரு தட்டில் பிடித்துப் பீப்பாயில் ஊற்றி மூடினார். இனிப்பாக இருக்கும், பூனை நாய் குடித்தால் செத்துப்போகும் என்று தெருப்பூனையை விரட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். பிறகு வெறும் தண்ணீரும் கழுவுகிற திரவமும் ஊற்றி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டார். ஆறவிட்டு இறக்கினார். மறுபடி ஊற்றினார். மறுபடி இறக்கினார்.

"காபி வடிகட்டுற மாதிரி இருக்குங்க" என்றாள் அக்கா.

"இதைக் குடிச்சா ஒரே தூக்கம்தான்" என்றார் அவர்.

அதன்பின் இரண்டு ஹீட்டர்க் குழாய்களையும் கழற்றி, தண்ணீர் வெளியே வருகிற வழியில் தோட்டத்துக் குழாயைப் பிடித்தார். வழக்கமாக ஓடுகிற திசைக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டுமாம். வேகமாக விட்டால் அந்தக் குட்டி ரேடியேட்டர் வெடித்துவிடும். முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு திடீரென்று கலங்கிய சேறும் மினுமினுப்பான துகள்களும் கட்டிகட்டியாக வந்து விழுந்தன. அத்தான் குழந்தை மாதிரிக் கத்திக் கூப்பிட்டார். "இங்க பாரு, இங்க பாரு. இதுதாம்மா உன்னைக் குளிர வச்சது." அக்கா எழுந்து வந்து, அந்தச் சேற்றைக் குனிந்து பார்த்து, "பாவி, இவ்வளவு நாளா இங்கயா ஒளிஞ்சிருந்தே" என்று அதனிடமே சொன்னாள்.

தண்ணீர் தெளிந்து வரும்வரை விட்டார். ரேடியேட்டர்க் கசிவை இந்த முறை ஒழுங்காகப் பற்றவைத்தார். புதுக் கூலண்டும் சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, முன்சக்கரங்களை மேடேற்றி, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டார். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. "ஏப்பம் விடுது. விடட்டும், வயித்துல ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது" என்றார். இப்போது இரண்டு குழாய்களும் ஒரே மாதிரிச் சுட்டன. அக்காவின் கையைப் பிடித்து ஹீட்டர் வாய்க்கு நேராக வைத்தார். "கை வெந்துடும் போல இருக்குங்க" என்று அவள் இழுத்துக்கொண்டாள். அத்தானின் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே. அவளைக் கட்டிக்கொண்ட நாளில்கூட அப்படி இருந்திருக்க மாட்டார். அந்தச் சாயங்காலம் மூன்று பேரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். நான் அதற்குப் பிறகு அப்படிச் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலை வெளியே உறைபனி. கண்ணாடியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பினோம். பாதி வழி போவதற்குள் எனக்கு வேர்த்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்தேன். அதுவும் போதாமல் சீட்டில் கிடந்த பழைய செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டேன். அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"என்ன சின்னவளே, பின்னாடியே இந்தப் போடு போடுதா?"

"வெந்துடுவேன் அத்தான். கொஞ்சம் குறைங்க."

சிரித்தபடியே கையைக் குமிழுக்குக் கொண்டுபோனார். அப்போது அக்கா, "குறைக்காதீங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் கூட வைக்க முடியுமா பாருங்க. எனக்கு இன்னும் சூடு ஏறலை."

அவருடைய கை குமிழ் மேலேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் மறுபடி என்னைப் பார்த்தார். என் கழற்றிய சட்டையை, விசிறுகிற கையை, நெற்றி வேர்வையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கழுத்துவரை போர்த்திக்கொண்டிருந்த அவளைப் பார்த்தார். கொஞ்ச தூரம் ஓட்டினார். ஒரு மூடிய கடை வாசலில் வண்டியை ஓரம் கட்டினார். ஹீட்டர் வாயில் தன் கையை வைத்தார். வைத்துக்கொண்டிருக்க முடியாமல் எடுத்தார். அதே கையால் அக்காவின் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துப் பிடித்தார்.

"வண்டி பழசுல்லங்க, மெல்ல மெல்லத்தான் சூடாகும்" என்றாள் அக்கா.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் வாய் நிறையச் சந்தோஷத்தோடு அவர் சொல்கிற வார்த்தை அது. அன்று அதைச் சொன்ன குரல் எனக்கு யாருடையதோ போல் இருந்தது. சலவை நிலையத்துக்குப் போகிற வழியில் திரும்பாமல் நேரே மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் அம்மா அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம் போல வெளுத்திருந்தது. "எவ்வளவு நாளா இப்படிக் குளிருது?" என்று கேட்டார். அக்கா அத்தானைப் பார்த்தாள்.

"தெர்மோஸ்டாட் மாத்துறதுக்கு முன்னாடியே இருந்துச்சு டாக்டர்" என்றார் அவர். "அதுக்கும் முன்னாடி காத்து எடுத்தேன், அப்பவும் இருந்துச்சு. தண்ணி குறைஞ்சிருந்தப்பவே இருந்துச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவரிடம் வேறு காலண்டர் இல்லை, பாவம். அந்தக் குளிர்காலத்தை அவர் அப்படித்தான் வாழ்ந்திருந்தார்.

உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை என்றார்கள். உள்ளே எங்கேயோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது என்றார்கள். "எங்க கசியுதுன்னு பாத்தாச்சா?" என்று அத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பார்த்தார்கள். குடலில் கட்டி. அது கல்லீரலுக்கும் போயிருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வைத்து நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வாய் நிற்கவில்லை. "வண்டியோட ஒவ்வொரு குழாயையும் தொட்டுப் பாத்தீங்களே, அவ கையை ஒரு தடவை தொட்டுப் பாத்தீங்களா? ஒண்ணொண்ணா, ஒண்ணொண்ணான்னு இருந்தீங்களே. அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே சின்னவளே" என்றார். "ஒவ்வொரு வாரமும் கேட்டேன். பரவாயில்லைன்னு சொன்னாளே."

அதுவும் உண்மைதான். மனுஷி பேச்சைக் காதில் வாங்காத மனுஷன் என்று ஊரே சிரித்தவர், அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே நம்பிக் கெட்டார். அவளோ, ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்ணில் படுத்து எழுந்த மனுஷனிடம் பிரயோஜனம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்திருக்கிறாள். நான் யாரைத் திட்ட? அன்று அவரைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன். "சரி, திட்டு" என்று கேட்டுக்கொண்டாள்.

பிறகு மருந்து ஏற்றுவதற்காக வாரா வாரம் மருத்துவமனை. குளிர்காலம் போய் மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. மற்ற வண்டிகள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போகும். எங்கள் வண்டி மட்டும் நாலு கண்ணாடியையும் ஏற்றி, ஹீட்டரை முழுதாக வைத்துக்கொண்டு போகும். அத்தானின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டும். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நான் அவர்களை முறைப்பேன்.

அப்படிப் போகும்போது ஒருநாள் அக்கா, "போதுங்க, நிறுத்துங்க. இப்ப குளிரலை" என்றாள்.

"நிசமாவா?"

"நிசமாத்தான். நல்லா கதகதன்னு இருக்கு. நீங்க கண்ணாடியை இறக்குங்க, வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மருந்து வேலை செய்கிறது, இல்லையா சின்னவளே என்று என்னைக் கேட்டார். நான் சீட்டுக்கு நடுவே கையை விட்டு அக்காவின் கையைத் தொட்டேன். குழாய்த் தண்ணீர் போல் சில்லிட்டிருந்தது. அவள் திரும்பாமலே என் விரலை அழுத்தினாள். சொல்லாதே என்கிறாள் என்று புரிந்தது. "ஆமா அத்தான்" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவள் குளிரவில்லை என்றாள். காற்று முகத்தில் அடிக்க, கம்பளிக்குள் விரலை மடக்கிக்கொண்டு, அவரோடு பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவர் நம்பினாரா, நம்புகிற மாதிரி இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

கோடை தொடங்கியதும் ஒரு காலையில், வீட்டில், அவர் பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டாள். என் அக்காவை நினைத்து நான் அழாத நாள் இல்லை. அவள் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை, அதனால் இப்படியே சொல்கிறேன்.

அத்தான் பட்டறையைத் திறந்தார். வேறு என்ன செய்வார்? அவருடைய ஒண்ணொண்ணு வேலையும் மாறவில்லை. ஆனால் அடுத்த குளிர்காலம் வந்து, ஹீட்டர் சரியில்லை என்று வண்டிகள் வர ஆரம்பித்தபோது, அவர் பானெட்டைத் தூக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார். "வண்டியில எல்லாருக்கும் குளிருதா, ஒருத்தருக்கு மட்டுமா?" எல்லோருக்கும் என்றால் வேலையைத் தொடங்குவார். ஒருத்தருக்கு மட்டும் என்றால் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல அவங்க ரத்தத்தைப் பாத்துட்டு வாங்க. வண்டி எங்கயும் போயிடாது" என்பார். சிலர் சிரித்தார்கள். சிலர் ஸ்பேனருக்கு மனைவி போனதிலிருந்து புத்தி கலங்கிவிட்டது என்று வேறு பட்டறைக்குப் போனார்கள். தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சாப்பாடு கொடுக்க நான் பட்டறைக்குப் போன ஒரு விடுமுறை நாளில், அப்படி அனுப்பப்பட்ட ஒருத்தர் திரும்பி வந்தார். பாட நூல் விற்கிறவர், கடுகடுவென்று இருந்தார். மனைவியும் வண்டியில் இருந்தாள், என் வயதுதான் இருக்கும்.

"ஐயா, உங்க பேச்சைக் கேட்டு ஒரு நாள் வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரே சிரிக்கிறாரு. இவளுக்கு ஒண்ணும் இல்லையாம்."

"ரத்தம் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. எல்லாம் சரியா இருக்கு."

"எல்லாமே?"

"எல்லாமே. வண்டியைப் பாருங்க முதல்ல."

அத்தான் வண்டியைப் பார்த்தார். குழாய் ஒன்று சுட்டது, ஒன்று ஆறிக் கிடந்தது. பழைய தண்ணீரை இறக்கி, கழுவி, எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு, சேற்றை எடுத்து, புதிதாக நிரப்பினார். அந்தப் பெண் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். எஞ்சினை ஓடவிட்டார்கள். அத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். பிறகு கண்ணாடியைச் சரசரவென்று இறக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பப்பா, போதும், வேர்த்துக் கொட்டுது. நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

"சரிம்மா" என்றார் அத்தான்.

அவர்கள் போகும்வரை நின்றார். பிறகு உள்ளே போய், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு வேர்த்துச்சு, சின்னவளே" என்றார்.